காகிதத்தில் வற்றிய நீர்: எண்ணூர் கழிமுகம் ஆலை நிலமான வரலாறு

சென்னைத் துறைமுகத்திலிருந்து கடலை ஒட்டியே வடக்கு நோக்கிச் சென்றால், திருவொற்றியூரையும் எர்ணாவூரையும் கத்திவாக்கத்தையும் கடந்தபின், நிலம் தளர்ந்து நீர் தொடங்கும் ஓர் இடம் வரும். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் அது. அங்கே நின்று பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது நீராக இருக்காது. வானத்தின் பாதியைப் புகைபோக்கிகளும் உயரழுத்த மின்கோபுரங்களும் பிடித்திருக்கும். நிலக்கரியைச் சுமந்து செல்லும் கன்வேயர்களும், சாம்பல் கரைசலைக் கொண்டுசெல்லும் தடித்த இரும்புக் குழாய்களும் உப்பங்கழியின் குறுக்கே நீண்டிருக்கும். அவற்றின் காலடியில், இடுப்பளவு நீரில் நின்றபடி, யாரோ ஒருவர் இன்னும் வலை வீசிக்கொண்டிருப்பார்.

எண்ணூரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாசைப் பற்றியே எழுதுகிறார்கள். அது நியாயமானதுதான். ஆனால் மாசு என்பது கதையின் பிற்பகுதி. அதற்கு முன்பே வேறொன்று நடந்திருக்கிறது: நீராக இருந்த ஓர் இடம், நீர் அங்கே இருந்தபோதே, அரசு ஆவணங்களில் நிலமாக மாறியது. ஆலைகள் அங்கே வந்ததற்குக் காரணம் அந்த இடத்தின் ஈரம். நீராவியைக் குளிர்விக்க நீர் வேண்டும், கழிவை விடப் போக்கிடம் வேண்டும், நிலக்கரிக் கப்பல் வரக் கடல் வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஆனால் அதே ஆலைகளுக்கு அனுமதி கொடுத்த காகிதங்களில் அந்த இடம் தரிசாகவும், புறம்போக்காகவும், கைவிடப்பட்ட உப்பளமாகவும் எழுதப்பட்டது. ஈரத்தைப் பயன்படுத்திக்கொண்டே ஈரத்தை மறுத்த இந்த இரட்டைக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல், எண்ணூரில் இன்று ஏன் வெள்ளம் வருகிறது, ஏன் மீன் குறைந்தது, ஏன் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகும் அதிகம் மாறவில்லை என்பதைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் அந்த நீரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். சென்னை மக்களுக்கு ஆறு என்றால் கூவமும் அடையாறும் நினைவுக்கு வரும். மூன்றாவதும் மற்ற இரண்டையும்விடப் பெரியதுமான கொசஸ்தலை, நகரின் நடுவே ஓடாததால் நகரின் நினைவிலும் ஓடுவதில்லை. ஆந்திர எல்லைப் பகுதியிலிருந்தும் திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்தும் நீரைச் சேர்த்துக்கொண்டு வரும் அந்த ஆற்றைப் பூண்டியில் அணை கட்டித் தேக்கிய நீரையும் சென்னை குடிக்கிறது. பூண்டி நிரம்பினால் உபரி நீர் எண்ணூருக்கு வரும். புழல் ஏரியின் உபரி நீரும் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக இதே ஆற்றில்தான் வந்து சேரும். ஆக, நகரின் வடக்கிலும் மேற்கிலும் விழும் மழையின் பெரும்பகுதி, கடலை அடையுமுன் கடக்க வேண்டிய கடைசி வாசல் எண்ணூர்.

அந்த வாசல் ஒரு வாய்க்கால் போல ஒடுங்கியதாக இருக்கவில்லை. ஆறு கடலை நெருங்கியதும் விரிந்து, வடக்கே கை நீட்டி, கடற்கரைக்கு இணையாகப் பழவேற்காடு ஏரி வரை தொடர்ந்தது. அந்த நீருக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒரு நீண்ட மணல்திட்டு, அதுதான் காட்டுப்பள்ளி. ஒரு நாளைக்கு இருமுறை ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே வந்து சேற்றுவெளிகளை நனைத்துவிட்டு, இறங்கும்போது திரும்பிச் செல்லும். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கடல்நீரை வெளியே தள்ளும். கோடையில் கடல் உள்ளே வந்து உப்பைக் கூட்டும். இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவில்தான் அலையாத்தி மரங்களும் உமரிச் செடிகளும் வளர்ந்தன, இறாலும் நண்டும் மடவையும் குஞ்சு பொரித்துப் பெருகின. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தைச் சொல்லும்போது கடலுக்கும் கானலுக்கும் சமமாகக் கழியும் வருகிறது. கழி என்பது கடலும் அல்லாத, ஆறும் அல்லாத, தனியான ஓர் இடம் என்று இந்த மொழிக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தெரியும். வருவாய்த் துறைப் பதிவேடுகளில்தான் அந்தச் சொல் உரிய பொருளோடு இடம்பெறவில்லை.

காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் எனக் கழியையும் முகத்துவாரத்தையும் ஒட்டிய ஊர்களின் பெயர்களே அங்கிருந்த வாழ்க்கையைச் சொல்லும். கடலில் சீற்றம் மிகுந்த நாள்களிலும் கழியில் தொழில் நடந்தது என்பது இந்த ஊர்களின் பெரிய பாதுகாப்பாக இருந்தது. இதே உப்பங்கழித் தொடரின் வடகோடியான பழவேற்காட்டில், எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக நடந்துவருகிறது. பட்டா இல்லாத நீருக்கு உரிமையும் ஒழுங்கும் இருந்தன என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மீனவர்களோடு இருளர்களும் இந்த நீரில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய இறால் பிடிப்பை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவர் மறக்கமாட்டார். வலையோ படகோ கிடையாது. பனையோலையில் முடைந்த பறியின் விளிம்பைப் பற்களால் கவ்விக்கொண்டு, நெஞ்சளவு நீரில் உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிச் செல்வார்கள். சேற்றில் பதுங்கிய இறால் விரலில் பட்டதும் அதைப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. சேறு எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதைத்தான் விரல் படித்தாக வேண்டும். பிற்காலத்தில் சாம்பல் படிந்து அந்தச் சேறு இறுகியபோது, நீர் மேலே அப்படியே தெரிந்தாலும், இவர்களுக்கு மட்டும் ஆறு போய்விட்டது.

வெள்ளையர் ஆட்சி இந்த நீரை முதலில் போக்குவரத்துக்குப் பயன்படுத்தியது. 1801க்கும் 1806க்கும் இடையில், பேசில் காக்ரேன் என்ற வணிகரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. பின்னர் அது வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்டு, 1876–78 பஞ்சக் காலத்தில் நிவாரண வேலையாக நகருக்குள் இணைப்பும் வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் அதன் வழியே சென்னைக்குப் படகேறின. கால்வாய் கழியின் இயல்பை ஓரளவு மாற்றியது என்றாலும் நீரை நீராகவே வைத்திருந்தது. அதைவிட ஆழமான மாற்றத்தைக் கொண்டுவந்தது உப்பு.

அத்திப்பட்டு, வல்லூர் பகுதிகளின் உவர்வெளிகளில் பாத்தி கட்டி உப்பு விளைவிப்பது பழைய தொழில். ஆங்கிலேய அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கியபோது, உப்பு விளையும் வெளிகளும் அரசின் கணக்குக்குள் வந்தன. விடுதலைக்குப் பின் அவை மத்திய அரசின் உப்புத் துறை நிலங்களாகத் தொடர்ந்தன. உப்பளம் என்பது பாதி நீர், பாதி நிலம். ஓதநீரை உள்ளே விட்டுத் தேக்கி வெயிலில் காயவிடும் பாத்திகள் கோடையில் வெள்ளை வயலாகவும், மழைக்காலத்தில் வெள்ளம் வந்து பரவும் நீர்ப்பரப்பாகவும் இருந்தன. உப்பு எடுப்பதால் கழிக்குப் பெரிய கேடு வரவில்லை. ஆனால் பதிவேட்டில் நடந்தது வேறு. ஓதம் ஏறி இறங்கும் பொதுவெளி, அளந்து எல்லை குறித்துக் குத்தகைக்கு விடத்தக்க ஒரு சொத்தாக முதன்முதலில் எழுதப்பட்டது அப்போதுதான். உரிமையாளர் ஒரே ஒரு துறை, குடியிருப்போர் இல்லை, பட்டாதாரர் இல்லை. நூறாண்டு கழித்து, ஒரு பெரிய திட்டத்துக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் தேவைப்பட்டபோது, ஒரு துறையின் கோப்பிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கோப்புக்கு மாற்றினால் போதும் என்ற வசதி இங்கே உருவாகியிருந்தது. எண்ணூர்த் துறைமுகத்துக்கு உப்புத் துறை நிலம் இப்படித்தான் போனது.

விடுதலைக்குப் பின் வந்த முதல் ஆலைகள் கழியின் தெற்குக் கரையிலேயே நின்றன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பொருத்தி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அறுபதுகளில் பாரி நிறுவனத்தின் உரத் தொழிற்சாலை கடலோரத்தில் எழுந்தது. அதே காலத்தில் மேற்கே மணலியில், 1965இல் மதராஸ் சுத்திகரிப்பு ஆலை நிறுவனம் உருவாகி, ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை 1969இல் இயக்கத் தொடங்கியது; இன்று சிபிசிஎல் என்று அறியப்படும் அதன் திறன் 105 லட்சம் டன். சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவை நம்பி 1971இல் மதராஸ் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. எண்பதுகளில் பெட்ரோலிய வேதிப்பொருள் ஆலைகள் அதைச் சூழ்ந்தன. ஏரிகளும் வயல்களும் ஆற்றின் வெள்ளச் சமவெளியும் கலந்திருந்த மணலி, ஒரு தலைமுறைக்குள் குழாய்களின் ஊரானது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது.

அந்த ஆலைகள் கொடுத்த வேலையும் உரமும் எரிபொருளும் உண்மையானவை. வடசென்னையின் உழைக்கும் குடும்பங்கள் பல அவற்றால் நிமிர்ந்தன. அதை மறுத்து இந்த வரலாற்றை எழுத முடியாது. ஆனால் வேலையைப் பெற்றவர்களும் நீரை இழந்தவர்களும் பெரும்பாலும் ஒரே மக்களாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கழியின் உள்ளேயே கை வைத்தவை அனல்மின் நிலையங்கள். 1970க்கும் 1975க்கும் இடையில் ஐந்து அலகுகளாக, 450 மெகாவாட் திறனோடு எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1994 முதல் 1996 வரை வடசென்னை அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும், பின்னர் அதன் இரண்டாம் கட்டமாக 600 மெகாவாட் அலகுகள் இரண்டும், 2012 முதல் வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்றும் வந்தன. பழைய நிலையத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் 3,330 மெகாவாட். 2024இல் வடசென்னையின் மூன்றாம் கட்டமான 800 மெகாவாட் அலகும் சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் வேறெந்த ஆற்று முகத்துவாரமும் இவ்வளவு நிலக்கரியைத் தாங்கியதில்லை.

ஓர் அனல்மின் நிலையம் கழியை எப்படித் தின்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிலக்கரியை எரித்து நீரை நீராவியாக்கி, அந்த நீராவி விசையாழியைச் சுழற்றிய பின், அதை மீண்டும் நீராகக் குளிர வைத்தாக வேண்டும். கடலோர நிலையங்கள் இதற்குக் கடல்நீரையோ கழிநீரையோ இழுத்து, சூடான நீரைத் திரும்ப விடுகின்றன. இழுக்கப்படும் நீரோடு மீன் முட்டைகளும் குஞ்சுகளும் போகின்றன. விடப்படும் சூடான நீர், இயல்பாக ஆழம் குறைந்த கழியில் வெப்பத்தை ஏற்றுகிறது. அதைவிடப் பெரியது சாம்பல். இந்திய நிலக்கரியில் சாம்பலின் பங்கு மிக அதிகம். நூறு டன் எரித்தால் முப்பது முதல் நாற்பது டன்னுக்கு மேலும் சாம்பலாக மிஞ்சும். ஆயிரக்கணக்கான மெகாவாட் நிலையங்களுக்கு அது நாள்தோறும் மலையளவு. அதை அப்புறப்படுத்த மலிவான வழி, நீரோடு கலந்து குழம்பாக்கி, குழாய் வழியே தொலைவிலுள்ள சாம்பல் குளத்துக்குத் தள்ளுவது. வடசென்னை நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் பக்கம். நிலையத்துக்கும் குளத்துக்கும் நடுவே இருப்பது கொசஸ்தலையின் உப்பங்கழி.

சாம்பல் என்பது மணலைப் போலக் குழாயின் உட்புறத்தை அரித்துக்கொண்டே ஓடும் பொருள். குழாய்கள் தேய்ந்து, இணைப்புகள் விட்டு, சாம்பல் குழம்பு நேரே ஆற்றில் கொட்டியது ஒருநாள் விபத்தாக இல்லாமல் ஆண்டுக்கணக்கான வழக்கமாயிற்று. கசிந்த இடத்தில் நீர் பால்சாம்பல் நிறத்தில் இருக்கும். நீர் வடிந்த இடத்தில் சாம்பல் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, காலில் மிதித்தால் ஓடு போல நொறுங்கும். அதன் அடியில்தான் பழைய கருஞ்சேறு இருக்கும். படகு ஓடிய ஆழத்தில் ஆள் நடந்து போகும் நிலை வந்தது இந்தப் படிவால்தான். சாம்பலோடு கன உலோகங்களும் வருகின்றன என்பது அறிவியலாளர்களின் கவலை. மீனவர்களின் கவலை அதற்கும் முந்தையது: ஆழம் போனால் ஓதம் உள்ளே வராது, ஓதம் வராவிட்டால் இறால் வராது.

மின் நிலையத்துக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரிக்குத் துறைமுகம் வேண்டும். முகத்துவாரத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. நாட்டின் 12ஆவது பெருந்துறைமுகமான அது 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. அதற்கு வடக்கே, காட்டுப்பள்ளித் திட்டில், எல் அண்டு டி நிறுவனம் கட்டிய கப்பல் தளமும் துறைமுகமும் வந்தன. துறைமுகம் 2018இல் அதானி குழுமத்துக்குக் கைமாறியது. துறைமுகம் இரண்டு வகையில் கழியைப் பாதித்தது. முதலாவது நேரடியானது: கப்பல் வரத் தோண்டிய மண்ணைப் போட இடம் வேண்டும், சரக்கு முற்றங்களுக்கு மேடு வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டன, நிரம்பியது தாழ்வான ஈரவெளி.

இரண்டாவது மறைமுகமானது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர் எதுவாக இருந்தாலும் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிபடும். சென்னைத் துறைமுகத்தால் ராயபுரம் தொடங்கி வடக்கே ஊர்கள் கடலிடம் நிலம் இழந்தது இந்த விதியின்படிதான். எண்ணூர்த் துறைமுகத்தின் தெற்கே இருப்பது ஆற்றின் முகத்துவாரம். அங்கே மணல் சேர்ந்தால் ஆற்றின் வாய் அடைபடும். அடைபட்ட வாயைப் பொக்லைன் வைத்துத் திறப்பதும், அது மீண்டும் தூர்வதும் இன்று ஆண்டுச் சடங்கு போல ஆகிவிட்டன.

இவையெல்லாம் சட்டம் இல்லாத காலத்தில் நடந்தவை அல்ல என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்தும் பகுதி. 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. ஓதம் எட்டும் கழிகளும் அலையாத்திக் காடுகளும் கட்டுமானத்துக்கு ஆகாத பகுதிகள் என்று அது சொன்னது. அதன்படி தமிழ்நாட்டின் கடலோர மேலாண்மைத் திட்டத்தை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1996 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. அந்த வரைபடத்தில் எண்ணூர் கழி, சுமார் 6,500 ஏக்கர் பரப்போடு, காக்கப்பட வேண்டிய பகுதியாகத் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது. துறைமுகமும், வல்லூர் நிலையமும், எண்ணெய் நிறுவனங்களின் கிடங்குகளும், மின்வாரியத்தின் விரிவாக்கங்களும் இதற்குப் பிறகு வந்தவை.

பின் எப்படி வந்தன? 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே சென்னையின் சூழலியல் செயற்பாட்டாளர்கள் ஆவணங்களைப் பெற்று ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. மாநில அதிகாரிகளின் புழக்கத்தில் இருந்தது வேறொரு வரைபடம். மத்திய அரசு ஏற்ற 1996 வரைபடத்தில் இருந்த கழி, இந்த வரைபடத்தில் இல்லை. அகன்ற நீர்ப்பரப்பு இருக்க வேண்டிய இடம் காய்ந்த நிலமாகக் காட்டப்பட்டிருந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட கழிப்பரப்பு இதற்குள் நிரப்பப்பட்டோ ஒதுக்கப்பட்டோ விட்டது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஆறு இல்லையென்று வரைந்தால், அந்த ஆற்றில் மண்ணைக் கொட்டுவது குற்றமாக இருக்காது. எண்ணூரில் நீர் முதலில் வற்றியது இந்தக் காகிதத்தில்தான். புல்டோசர் பிறகு வந்தது.

சொற்களாலும் இது நடக்கிறது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், ஈரநிலம் எது என்று வரையறுக்கும்போது ஆற்றுப் படுகைகளையும், உப்பு உற்பத்திக்கென அமைக்கப்பட்ட நீர்ப்பரப்புகளையும் அதிலிருந்து விலக்கிவிட்டன. கடலோர மண்டலச் சட்டத்தின் கீழ் வரும் பகுதிகளையும் அந்தச் சட்டமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டன. எண்ணூர் என்பது ஆற்றுப் படுகையும் உப்பளமும் கடலோர மண்டலமும் சேர்ந்த இடம். கண்ணால் பார்க்கிறவர் எவருக்கும் ஈரநிலமாகத் தெரியும் ஓர் இடம், விதியைப் படித்தால் எந்தக் கட்டத்திலும் அடங்காமல் போகிறது. நகரின் தென்கோடியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், பெரும்பகுதியை இழந்த பிறகாவது, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. வடகோடிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. வடசென்னை என்றாலே ஆலைக்கும் குப்பைக்குமான இடம் என்ற எண்ணம் திட்டமிடுகிறவர்களிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

காகிதத்தில் வற்றிய நீர் மழைக்காலத்தில் தன் இடத்தைத் தேடி வந்தது. 2015 டிசம்பரில் நாடே அடையாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூண்டி, புழல் உபரி நீரால் மணலி புதுநகரும் சடையங்குப்பமும் மூழ்கின, 2021இல் மீண்டும் மூழ்கின, 2023இல் மீண்டும். சுற்றியிருந்த உப்பளமும் சேற்றுவெளியும் முன்பு இந்த வெள்ளத்தை வாங்கி, கடல் இறங்கும் நேரம் வரை வைத்திருந்து, மெல்ல விட்டன. கடலில் ஓதம் ஏறியிருக்கும்போது எந்த ஆறும் வடியாது. அந்தச் சில மணி நேரத்துக்கு நீர் நிற்க இடம் வேண்டும். அந்த இடங்களில் இப்போது நிலக்கரி முற்றங்களும் கன்டெய்னர் அடுக்குகளும் நிற்கின்றன. நீர் நிற்பதற்கு மிஞ்சியது வீடுகள்தான்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு வந்த வெள்ளம், நீரை மட்டும் கொண்டுவரவில்லை. மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணெய் கொசஸ்தலைக்குள் இறங்கியது. அது சிபிசிஎல் வளாகத்திலிருந்து வெளியேறியது என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது. கருப்பு எண்ணெய் படகிலும் வலையிலும் அலையாத்தி வேர்களிலும் ஒட்டியது. கூழைக்கடாக்கள் சிறகு கருத்துப் பறக்க முடியாமல் நின்றன. வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்பதை அளக்க அந்த ஆண்டு அளவுகோல் தேவைப்படவில்லை. ஆற்றோர வீடுகளின் சுவரில் கருப்புக் கோடு இருந்தது. மீனவர்கள் கையால் வாரி வாளியில் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே வாளிகள்தான். மிக்ஜாம் எண்ணெய் இன்னும் முழுதாக நீங்காத டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. படகுகளை ஆற்றில் நிறுத்தி மறியல் செய்திருக்கிறார்கள், சாம்பல் குழாய்களின் ஓட்டையை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறார்கள், தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நிபுணர் குழுவை அமைத்து, 2022இல் சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, ஆற்றைச் சீரமைக்க உத்தரவிட்டது. உத்தரவு பெரிய வெற்றி. ஆனால் சீரமைப்பு என்றால் என்ன என்பதை யோசித்தால் சிக்கல் புரியும். ஆற்றில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும். அள்ளியதைக் கொட்ட இடம் வேண்டும். சாம்பலுக்கென்று இருக்கும் இடங்களும் கழியை ஒட்டியவையே. அள்ளுவதற்கு முன் புதிய கசிவு நிற்க வேண்டும். அதற்குக் குழாய்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். மணலை அள்ளுவதுபோல் சாம்பலை அள்ளினால் அடியிலுள்ள உயிருள்ள சேறும் சேர்ந்து போகும். நிரப்புவதற்கு ஒரு லாரி போதும். மீட்பதற்கு ஓதத்தின் கணக்கைத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் மீனவர்களும் இருளர்களும் திட்ட அறிக்கைகளில் பயனாளிகளாக வருகிறார்களே தவிர, அறிந்தவர்களாக வருவதில்லை.

இதற்கிடையே, காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஒரு பெரும் பகுதி கடலையே தூர்த்து உருவாக்கப்பட வேண்டியது. 2021 ஜனவரியில் அறிவித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் அறிவித்ததும் நடக்கவில்லை. இதுவரை நடந்த நிலமாற்றம் கழியையும் திட்டின் சில பகுதிகளையும் எடுத்துக்கொண்டது என்றால், இது காட்டுப்பள்ளித் திட்டையே எடுத்துக்கொள்ளும். கழிக்கும் கடலுக்கும் நடுவே நிற்கும் ஒரே அரண் அந்தத் திட்டுதான், பழவேற்காட்டுக்குப் போகும் நீர் அதன் உட்புறமாகத்தான் போகிறது.

1970இல் முதல் அலகை ஓட்டிய எண்ணூர் அனல்மின் நிலையம், 47 ஆண்டுகள் இயங்கி, 2017 மார்ச் மாத இறுதியில் மூடப்பட்டது. கழிக்கரையில் ஆலையாக மாறிய நிலங்களில், ஆலை நின்றுபோய்க் கையில் வந்த பெரிய நிலம் அதுதான். நீருக்கோ, காற்று வாங்கக்கூட இடமில்லாத எர்ணாவூர்க் குடியிருப்புகளுக்கோ அதில் ஒரு பகுதியையாவது திருப்பித் தரும் வாய்ப்பு அரசின் கைக்கு வந்தது. அந்த வளாகத்துக்கு என்று முன்வைக்கப்பட்டது, அதே நிலையத்தின் விரிவாக்கமாக 660 மெகாவாட்டில் இன்னொரு நிலக்கரி அலகு. 2024 டிசம்பரில் அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் எர்ணாவூரில் நடந்தது. வேண்டாம் என்று சொல்வதற்கு மக்கள் வரிசையில் நின்றார்கள்.